யானைக்கால் பேண்ட் போட்ட வருடங்கள்

தமிழ்நாட்டிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருந்தார். மொரீசியசில் 1970-களில் பள்ளியில் படித்தவர்கள் எல்லாரும் "அப்போது யாரும் எங்களை ஒன்றும் சொல்ல மாட்டார்கள்" என்று ஏங்கிப் பேசுகிறார்களே, அது நிஜமா, இல்லை வயதானவர்கள் வழக்கமாக விடுகிற கதையா? நிஜம் என்றால் அந்தத் தளர்வு எங்கே போயிற்று? இதுதான் அவருடைய கேள்வி.

நிஜம்தான். நானே சாட்சி. முடியைத் தோள்வரை வளர்த்துக்கொண்டு, சட்டையின் மேல் பட்டன் இரண்டைக் கழற்றிவிட்டு, மத்தியானம் வகுப்பில் இருக்கப் பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விட்டு, அப்படியும் படித்துத் தேறி, முப்பது வருடத்துக்கு மேல் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆனால் "எங்களை ஒன்றும் சொல்ல மாட்டார்கள்" என்கிறார்களே, அந்த "எங்களை" யார் யார் என்று கேட்டுப் பாருங்கள். கேட்க ஆரம்பித்தால் கதை வேறு பக்கம் போகும். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் ஊர்ப் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். உயர்நிலைப் பள்ளியை நாங்கள் "கொலேஜ்" என்போம். தலைமையாசிரியர் "ரெக்டர்". வகுப்புகள் ஃபார்ம் ஒன் முதல் ஃபார்ம் சிக்ஸ் வரை. ஒழுங்கு பார்க்க ஒருவர் தாழ்வாரத்தில் நடந்துகொண்டே இருப்பார்; அவர் "அஷர்". பரீட்சைத் தாள் இங்கிலாந்திலிருந்து, கேம்பிரிட்ஜிலிருந்து வரும். எழுதிய விடைத்தாளும் அங்கேதான் போகும். சுதந்திரம் 1968 மார்ச் 12-ஆம் தேதி வந்துவிட்டது. விடைத்தாளுக்கு மட்டும் இன்னும் வரவில்லை என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

அரசுக் கொலேஜ்கள் அப்போது விரல் விட்டு எண்ணக்கூடியவை. கியூர்பிப்பிலும் போர்ட் லூயிசிலும் ராயல் காலேஜ், பெண்களுக்கு ரோஸ் ஹில்லில் குவீன் எலிசபெத், போ பாசேனில் ஜான் கென்னடி, இப்படிச் சில. கத்தோலிக்கத் திருச்சபை நடத்தியவை கொஞ்சம். இந்த இரண்டிலும் இடம் கிடைக்காத பெரும்பாலான பிள்ளைகள் தனியார் கொலேஜுக்குப் போனோம். "கொலேஜ்" என்று கேட்டதும் பெரிய கட்டடத்தை நினைத்துவிடாதீர்கள். என்னுடையது ரோஸ் ஹில்லில் ஒரு பழைய மரவீடு. தகரக் கூரை. வரவேற்பறை ஃபார்ம் ஃபைவ், சமையலறை ஃபார்ம் ஒன். நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு. எங்களுக்குக் கணக்கு நடக்கும்போது பக்கத்து வகுப்பின் பிரெஞ்சு வினைச்சொற்களும் காதில் விழும். இன்றுகூட ஒரு சமன்பாட்டைப் பார்த்தால் எனக்கு அந்தப் பிரெஞ்சு ராகம் நினைவுக்கு வருகிறது. எங்களுக்குப் பாடம் எடுத்தவர்களில் பலர் தாங்களே ஃபார்ம் சிக்ஸ் முடித்து ஒன்றிரண்டு வருடம் ஆனவர்கள். கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு எங்களைவிட ஒரு பக்கம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள், பாவம்.

அந்த வீட்டுக்குக் கேட் உண்டு. பூட்டு கிடையாது. தளர்வு என்று எல்லாரும் சொல்வது அங்கேதான் ஆரம்பம்.

பத்தரை மணி இடைவேளைக்கு வெளியே வந்தால் வாசலில் டால் பூரிக்காரர் சைக்கிளில் கண்ணாடிப் பெட்டியுடன் நிற்பார். பக்கத்தில் மிளகாய் வடை. பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் பேச்சுமொழி கிரியோலில் காத்தோ பிமா. உப்பும் மிளகாயும் தடவிய அன்னாசித் துண்டு. தின்றுவிட்டு உள்ளே போகிறவன் போவான். போகாதவன் பேருந்து நிலையத்துக்கோ, பிளாசா அரங்கின் படிக்கட்டுக்கோ போய் உட்கார்ந்துகொள்வான். புரூஸ் லீ படம் வந்த வாரம் ஃபார்ம் ஃபோர் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. அடுத்த நாள் மீதிப் பாதிக்கு முதல் பாதி உதைத்துக் காட்டும். கியூர்பிப்பில் ஜார்ஜ் ஃபைவ் மைதானத்தில் கால்பந்து இருந்தால் கேட்கவே வேண்டாம். அப்போது கால்பந்து அணிகளே இனவாரியாகத்தான் இருந்தன. தமிழ் கேடட்ஸ் ஆடும் நாளில் எங்கள் தெரு ஆண் பிள்ளைகள் எல்லாருக்கும் பாட்டி செத்திருப்பாள், மாமா செத்திருப்பார். ரெக்டருக்கும் தெரியும். அவரும் மைதானத்தில்தான் இருப்பார்.

இனி பேண்ட். அப்பா தையற்காரர் என்பதால் இதை நான் அதிகாரத்துடன் சொல்ல முடியும். பெல்பாட்டத்தைப் பிரெஞ்சிலும் கிரியோலிலும் "யானைக்கால்" என்ற அர்த்தம் வரும்படிதான் சொல்வார்கள். ஊரில் எல்லாருக்கும் அது நாகரிகம். எங்கள் ஆயாவுக்கு மட்டும் கொஞ்சம் தமிழ் தெரிந்ததால் வந்தது வினை. ஊர்ப் பையன் ஒருவன் வாசலில் நின்று "யானைக்கால் பேண்ட் தைக்க வேண்டும்" என்று நான் கற்றுக்கொடுத்த தமிழில் பெருமையாகச் சொன்னபோது, ஆயா அவன் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஐயோ, இந்த வயசிலா?" என்று கண் கலங்கிவிட்டாள்.

அப்பா ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கீழே இருபத்து நாலு அங்குலம் விட்டுத் தைப்பார். எனக்குப் பதினெட்டுதான். கேட்டால், "அவன் அப்பன் துணிக்குக் காசு கொடுக்கிறான், உன் அப்பன் கொடுக்கவில்லை" என்பார். இரண்டு பக்கமும் முக்கோணத் துணி வைத்து அக்காதான் ரகசியமாக அகலப்படுத்திக் கொடுத்தாள். ஒரு தடவை அஷர் ஸ்கேல் வைத்து அளந்தார். அளந்து, "யார் தைத்தது?" என்று கேட்டார். அப்பா என்றேன். அடுத்த வாரம் தன் துணியைக் கொண்டுவந்து கடையில் கொடுத்தார்.

சிகரெட்டும் இருந்தது. கஞ்சாவும் இருந்தது. கிரியோலில் அதற்கு வழங்கும் சொல்லே இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்ததுதான். ஆசிரியர்கள் வகுப்புக்கு வெளியே பிடிப்பார்கள், பெரிய பையன்கள் கழிவறைக்குப் பின்னால் பிடிப்பார்கள், புகை நடுவில் ஒன்றாகிவிடும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. என் வகுப்பில் இருந்த ஒருவன் அங்கேயே நின்றுவிட்டான், வெளியே வரவே இல்லை.

சரி, இவ்வளவும் ஒரு பக்கம். மறுபக்கத்தில் தளர்வே இல்லாத காரியங்கள் சில உண்டு. ஏக்கத்துடன் பேசுகிறவர்கள் அவற்றைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

பிரம்பு. எங்கள் ஊரில் அதற்கு "ரொத்தேன் பசார்" என்று பெயர், சந்தையில் வாங்கிய பிரம்பு. மாணவனுக்கு எவ்வளவு தளர்வோ ஆசிரியருக்கும் அவ்வளவு தளர்வு. முட்டியில், முதுகில், காது மடலில், எங்கே வேண்டுமானாலும் விழும். வீட்டில் போய்ச் சொன்னால் அங்கே இரண்டாவது தவணை. குழந்தையை அடிக்கக் கூடாது என்று வீட்டுக்கும் சேர்த்துச் சொல்லும் புதிய குழந்தைகள் சட்டம் 2022 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

மொழி. வீட்டில், தெருவில், மைதானத்தில் எல்லாரும் கிரியோல்தான் பேசினோம். இன்றும் அதுதான். வகுப்பில் வாய் தவறி ஒரு கிரியோல் சொல் வந்துவிட்டால் தண்டம், இல்லையென்றால் வெளியே நிற்க வேண்டும். முடியை எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் விடலாம், நாக்கை விடக் கூடாது. 2012-இல் கிரியோல் மொழி தொடக்கப் பள்ளிப் பாடமாகவே வந்துவிட்டது. அந்த வருடம் என் பழைய அஷரை நினைத்துக்கொண்டேன்.

காவடி. இது வேறு வகைக் கட்டுப்பாடு. யாரும் எங்கள்மேல் சுமத்தாதது. தைப்பூசத்துக்குப் பத்து நாள் முன்பு கோவிலில் கொடி ஏறிவிட்டால் கழிவறைக்குப் பின்னால் புகை விட்ட அதே கூட்டம் பாயில் படுக்கும், கவிச்சி தொடாது, கெட்ட வார்த்தை பேசாது. தோள்வரை தொங்கும் முடியோடு, நாக்கில் வேலோடு, ஆற்றங்கரையிலிருந்து மலைக்கோவில்வரை வெறுங்காலில் நடக்கும். அங்கே பார்க்கிற, ஆப்பிரிக்க வம்சாவளியினரான கிரியோல் நண்பர்களுக்கு இது புரியாது. "ரெக்டர் சொன்னால் கேட்காதவன் முருகன் சொன்னால் மட்டும் எப்படிக் கேட்கிறான்?" என்று ஒருவன் கேட்டான். முருகன் ஸ்கேல் வைத்து அளப்பதில்லை என்றேன். அப்போது ரொம்பப் புத்திசாலித்தனமாகச் சொல்லிவிட்டதாக நினைத்தேன்.

நான்காவது, அரசியல். வெளிநாட்டு வாசகர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். நாங்கள் இவ்வளவு ஆட்டம் போட்ட அதே வருடங்களில் நாட்டில் நெருக்கடி நிலை இருந்தது. 1971-இல் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பெரிதானதும் டிசம்பரில் அதை அறிவித்தார்கள். 1969-இல் தொடங்கிய எம்.எம்.எம். என்ற இடதுசாரிக் கட்சியின் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. வர வேண்டிய பொதுத்தேர்தலைத் தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, 1976-க்குக் கொண்டுபோனார்கள். பெரியவர்கள் பேசத் தயங்கிய காலம் அது. அப்பாவின் கடையில் இரண்டு பேர் அரசியல் பேசினால் தையல் மிதியை வேகமாக மிதிப்பார், சத்தத்தில் பேச்சு அமுங்கட்டும் என்று. பையன்கள் முடி வளர்த்ததை யாரும் கண்டுகொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது. பார்க்க வேண்டிய கண்கள் வேறு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கடைசியாக, கட்டணம். இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

தனியார் கொலேஜில் எல்லாம் தளர்வு, கட்டணம் மட்டும் இரும்பு. மாதத்தின் முதல் வாரம் அஷர் ஒரு நீளமான நோட்டுடன் வகுப்பு வாசலில் வந்து நிற்பார். பெயர் வாசிப்பார். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் எழுதிய தமிழ்ப் பெயர்களை அவர் வாசித்தால் யாரோ மூன்றாம் மனிதரைக் கூப்பிடுவது போல இருக்கும். பெயர் வந்தவன் எழுந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டும். காசு கொண்டுவரும்வரை உள்ளே வரக் கூடாது. வீட்டுக்கும் போக முடியாது. பகலில் போனால் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். எனவே ரோஸ் ஹில் தெருக்களில் சுற்றுவோம். சந்தைக்குள் போவோம். வேலை முடிகிற நேரம்வரை சுவரில் உட்கார்ந்திருப்போம்.

இன்று என் வயதுக்காரர்கள் "பள்ளி நேரத்தில் ஊரெல்லாம் சுற்றுவோம், யாரும் கேட்க மாட்டார்கள்" என்கிறார்களே, அதில் பாதி இந்த முதல் வாரத்துச் சுற்றல். அப்போது அவமானமாக இருந்தது. ஐம்பது வருடம் கழித்து ஜாலியாக மாறிவிட்டது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அக்கா ஒருநாள் மறுத்துப் பேசும்வரை.

அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். ஆறாம் வகுப்பில் என்னைவிட நன்றாகத் தேறியவள். ஆனால் தொடக்கக் கல்விதான் இலவசம். அதற்கு மேல் இரண்டு பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டத் தையல் மிஷின் ஒன்றால் முடியாது. யாரை அனுப்புவது என்று எங்கள் வீட்டில் விவாதமே நடக்கவில்லை. அக்கா அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுத்தாள், பட்டன் தைத்தாள், விளிம்பு மடித்தாள். 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்து, பின்னலாடை ஆலைகள் திறக்க ஆரம்பித்தன. அவர்களுக்குக் குறைந்த கூலிக்கு, சின்ன வயதில், ஊசி பிடிக்கத் தெரிந்த பெண்கள் தேவைப்பட்டார்கள். அக்கா கோரமண்டல் பக்கம் ஒரு ஆலையில் சேர்ந்தாள். (ஆமாம், எங்கள் தீவில் ஓர் ஊருக்கே பெயர் கோரமண்டல். சோழமண்டலம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது பாருங்கள்.) ஃபார்ம் த்ரீயிலிருந்து என் கட்டணத்தை அவள்தான் கட்டினாள். நான் கட்டணத்துக்கு வெளியே நின்றது முதல் இரண்டு வருடம் மட்டும்தான்.

இனி 1975.

அந்த வருடம் பிப்ரவரி 6-ஆம் தேதி ஜெர்வேஸ் புயல் அடித்தது. தைப்பூசம் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியதாகப் பதிவு. புயலின் கண் தீவின்மேல் வந்து நின்றபோது எல்லாம் ஓய்ந்து வானம் வெளுத்தது. பெரியவர்கள் "வெளியே போகாதே, திரும்ப வரும்" என்றார்கள். வந்தது. அதன் பிறகு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. எங்கள் கொலேஜின் தகரக் கூரையில் பாதி பக்கத்துத் தெரு மாமரத்தில் தொங்கியது. பள்ளி திறந்தபோது சமையலறை வகுப்புக்கு மேலே வானம். மழை பெய்தால் ஃபார்ம் ஒன் எங்களோடு வந்து உட்காரும். ஒரு பெஞ்சில் ஏழு பேர். மார்ச் முதல் வாரம் அஷர் நோட்டுடன் வந்தார், முழுக் கட்டணத்துக்கும்.

மே மாதம் மாணவர்கள் தெருவில் இறங்கியதற்குப் பல காரணம் சொல்வார்கள். சொல்வதெல்லாம் சரிதான். அரசுக் கொலேஜுக்கும் தனியாருக்கும் இடையே இருந்த ஏற்றத்தாழ்வு, நம் நாட்டைப் பற்றி ஒன்றுமே சொல்லாத பாடத்திட்டம், ஓட்டுரிமை வயது 21 என்று இருந்தது, இடதுசாரிக் கட்சிகளின் பேச்சு, எல்லாமே உண்டு. ஆனால் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காரணம் தலைக்கு மேலே தெரிந்தது.

மே 20, செவ்வாய்க்கிழமை. கியூர்பிப், கத்ர் போர்ன் பக்கமிருந்து மாணவர்கள் கூட்டம் கூட்டமாகப் போர்ட் லூயிசை நோக்கி இறங்கி வருகிறார்கள் என்று காலையிலேயே செய்தி வந்துவிட்டது. எங்கள் கேட்டுக்குத்தான் பூட்டு இல்லையே. சீருடையோடு வெளியே வந்து சேர்ந்துகொண்டோம். ரோஸ் ஹில்லிலிருந்து தலைநகருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும், ஒரே இறக்கம். போ பாசேன், கோரமண்டல் வழியாக நடந்தோம். ராயல் காலேஜ் பையன்கள், கன்னிமாடப் பள்ளிப் பெண்கள், எங்கள் மாதிரி தகரக்கூரைக் கும்பல் எல்லாம் ஒரே சாலையில். என் வாழ்க்கையில் வேற்றுப் பள்ளிப் பெண் ஒருத்தியோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டே நடந்தது அன்றுதான் முதல் தடவை. புரட்சி எங்களுக்கு அப்படியும் சில நன்மைகள் செய்தது.

கோரமண்டல் வந்ததும் ஆலைச் சன்னல்களில் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். சிலர் கை காட்டினார்கள். நான் அக்காவைத் தேடினேன். எந்தச் சன்னல் என்று தெரியாமல் எல்லாச் சன்னலுக்கும் கை காட்டினேன்.

கிராண்ட் ரிவர் நார்த் வெஸ்ட் பாலத்தில் போலீஸ் காத்திருந்தது. தலைநகருக்குள் போக அந்தப் பக்கத்தில் அதுதான் வாசல். கீழே ஆழமான பள்ளத்தாக்கு, மேலே குறுகலான பாலம், நடுவில் கேடயம் பிடித்த கலவரத் தடுப்புப் படை. முன்னால் இருந்தவர்கள் பாடினார்கள். அப்புறம் யாரோ கல்லெறிந்தார்கள் என்று சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தது முதல் குண்டு விழுந்த சத்தமும் வெள்ளைப் புகையும்தான். கண்ணீர்ப் புகை கண்ணைத்தான் எரிக்கும் என்று நினைத்திருந்தேன். தொண்டையை அடைத்துவிடுகிறது. ஓடினோம். பெல்பாட்டம் போட்டுக்கொண்டு ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? அக்கா வைத்துத் தைத்த முக்கோணத் துணி இரண்டும் முள்ளில் மாட்டிக் கிழிந்து அங்கேயே போய்விட்டன. பலர் அடிபட்டார்கள், பலரைப் பிடித்துப் போனார்கள். நான் கரும்புக்காட்டு ஓரமாக நடந்து, இருட்டிய பிறகு வீடு வந்து சேர்ந்தேன். அப்பா என் கண்ணையும் பார்த்தார், பேண்டையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் பேண்ட் தைத்து மடித்து வைக்கப்பட்டிருந்தது, பதினெட்டு அங்குலமாக.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. ஓட்டுரிமை வயது 18 ஆயிற்று. 1976 டிசம்பர் 20-ஆம் தேதி தேர்தலில் நானும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டேன். எழுபது இடங்களில் எம்.எம்.எம்.-க்கு 34, ஆளும் கூட்டணிக்கு 28, பி.எம்.எஸ்.டி. என்ற இன்னொரு கட்சிக்கு 8. தனிப்பெரும் கட்சி எதிர்க்கட்சியாக உட்கார, பிரதமர் ராம்கூலம் கூட்டணி சேர்த்து ஆட்சியைத் தொடர்ந்தார். ஆனால் தேர்தலுக்கு முன் அவர் கொடுத்த வாக்கு ஒன்று நிறைவேறியது. 1977 ஜனவரியிலிருந்து உயர்நிலைக் கல்வி இலவசம், தனியார் கொலேஜுக்கும் அரசே பணம் தரும். அது தேர்தல் கணக்கா, மே 20-இன் பயனா என்று இன்றும் வாதிடுகிறார்கள். இரண்டும்தான் என்பது என் கட்சி. எனக்கு அதனால் கிடைத்தது ஃபார்ம் சிக்ஸின் கடைசி வருடம் மட்டும். அந்தப் பிப்ரவரியில் அஷர் நோட்டு இல்லாமல் வகுப்பு வாசலில் வந்து நின்றார். என்ன செய்வது என்று தெரியாமல் முடியைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கான பதில் இங்கேதான் ஆரம்பிக்கிறது. தளர்வு எங்கே போயிற்று? நாங்கள் கேட்டு வாங்கிய இலவசக் கல்விதான் அதை முதலில் விரட்டியது. இதைச் சொன்னால் என் நண்பர்களுக்குக் கோபம் வரும். கட்டணம் போனதும் வகுப்புகள் நிரம்பின. அதுவரை வீட்டில் இருந்த பெண் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 1980-களில் நான் ஆசிரியராக நுழைந்தபோது வகுப்பில் பாதி பெண்கள், முதல் பெஞ்சு முழுக்க அவர்கள்தான். படிப்பு நிஜமான ஏணியாக மாறியது. ஏணி என்றால் தள்ளுமுள்ளும் வரும். முன்பு ஃபார்ம் ஃபைவ் தேறினாலே எழுத்தர் வேலை. இப்போது எல்லாரும் தேறுகிறார்கள், அதனால் யார் நன்றாகத் தேறினார்கள் என்பது கேள்வி. டியூஷன் பெருகியது. பள்ளி விட்டதும் ஒரு டியூஷன், சனிக்கிழமை காலை ஒன்று. ஃபார்ம் சிக்ஸ் பரீட்சையில் முதலிடம் வருகிறவர்களை "லோரியா" என்று தோளில் தூக்கிக் கொண்டாடுவோம், அரசு செலவில் வெளிநாட்டுப் படிப்பு. ஒரு தீவு முழுக்க அந்தச் சில பேரைப் பார்த்துப் பிள்ளை வளர்க்க ஆரம்பித்தால் மத்தியானம் சினிமாவுக்குப் போக யாருக்கு நேரம்?

அடுத்தது போதை. கழிவறைக்குப் பின்னால் இருந்த கஞ்சா வேறு, 80-களில் வந்த "பிரவுன் சுகர்" வேறு. ஹெராயின் எங்கள் சிறிய தீவுக்குள் நுழைந்தபோது அது எவ்வளவு உயரம்வரை போயிருக்கிறது என்று 1985 டிசம்பர் 31-ஆம் தேதி தெரிந்தது. ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் நான்கு பேர் ஹெராயினுடன் பிடிபட்டார்கள். அந்தப் புத்தாண்டுக்குப் பிறகு பெற்றோரின் பார்வை மாறியது. பூட்டில்லாத கேட் பயமாகத் தெரிந்தது. பூட்டு போட்டார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் கை தூக்கியவன்தான். என் வகுப்பு நண்பனை அதற்கு இரண்டு வருடம் முன்பு மயானத்துக்குத் தூக்கிப் போயிருந்தோம்.

மற்றவை சின்னச் சின்ன மாற்றங்கள். 2005-இலிருந்து படிப்பு பதினாறு வயதுவரை கட்டாயம். ஃபார்ம் என்பது கிரேட் ஆயிற்று. தாழ்வாரத்து அஷர் செய்த வேலையை இப்போது கேமரா செய்கிறது. கேமராவுக்கு பேண்ட் தைத்துக் கொடுத்துச் சமாதானம் செய்ய முடியாது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

எனவே தம்பிக்கு என் பதில் இது. தளர்வு இருந்தது. ஆண் பிள்ளைகளுக்கு இருந்தது, அதிலும் கட்டணம் கட்ட வீட்டில் யாரோ ஒருவர் இருந்தவர்களுக்கு இருந்தது. எங்கள்மேல் யாரும் பெரிதாக நம்பிக்கை வைக்கவில்லை, அதனால் யாரும் காவலும் வைக்கவில்லை. இன்றைய பிள்ளைகள்மேல் எல்லாரும் நம்பிக்கை வைக்கிறார்கள், மூச்சு முட்டுகிற அளவுக்கு. எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், வாழ அந்தக் காலம், பிள்ளையைப் படிக்க அனுப்ப இந்தக் காலம். முரண்பாடுதான். இருக்கட்டும்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். 2005-இலிருந்து மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் பேருந்து இலவசம் என்பதால் நாங்கள் இருவரும் அவள் பேத்தியும் ஒரே பேருந்தில் காசு கொடுக்காமல் வந்து இறங்கினோம். பேத்தி கிரேட் டென். டியூஷனிலிருந்து வருகிறாள், தோளில் மூட்டை. உங்கள் காலத்தில் நினைத்தபோது வெளியே போகலாமாமே என்று என்னிடம் கேட்டாள். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்: புரூஸ் லீ, ஜார்ஜ் ஃபைவ், யானைக்கால் பேண்ட். மே 20 வந்ததும், ஆலைச் சன்னலுக்கெல்லாம் கை காட்டினேன் என்றேன். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "நான் பார்த்தேன். உன்னை இல்லை, கூட்டத்தை. முன்னால் போன ஒரு பெண் என் வயசு இருப்பாள், கையில் புத்தகம் வைத்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். சூப்பர்வைசர் வந்து சன்னலைச் சாத்தினாள். அன்றைக்கு எண்ணிக்கை குறைந்ததென்று அந்த வாரச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்."

எவ்வளவு பிடித்தார்கள் என்று பேத்தி கேட்டாள். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த மாதம் என் கட்டணத்துக்கு அப்பாவிடம் கடன் வாங்க வேண்டியிருந்தது என்றாள். எனக்கு அது அன்றுவரை தெரியாது.